ஈரல் தாங்குமளவு

செவிலி ஊசியில் மருந்தை ஏற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"போட்டுடட்டுமாக்கா?"

மகள் கட்டிலைப் பார்த்தாள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தம்பி விமானத்திலிருந்து இறங்கி டாக்ஸியில் வந்துகொண்டிருந்தான்.

காலையில் வந்த டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் உடம்பில் இந்த வலி மருந்தை ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். அம்மாவின் ஈரலுக்கு அந்தத் தெம்பு இல்லை. குறைத்துப் போட்டாலும் உள்ளேயே தேங்கும். வலி அடங்கித் தூங்குவார்கள். எழுந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. வீட்டில் கலந்து பேசி முடிவெடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கலந்து பேச அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. தன் முடி திருத்தும் கடையைப் பூட்டிவிட்டு அம்மாவோடு உட்கார்ந்ததிலிருந்து அவள் சரியாகத் தூங்கவும் இல்லை.

அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். அவள் உடம்பே அவள் ஈரலைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது என்று கண்டுபிடித்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை ஈரலைக் காத்தது, எலும்பை அரித்தது. பழுதுபட்ட ஈரல் அந்த மாத்திரையையும் மெதுவாகவே சிதைத்ததால், சின்ன அளவுகூட உடம்பில் பெரிதாக வேலை செய்தது. நிறுத்தினால் ஈரல் போகும், தொடர்ந்தால் எலும்பு போகும். முகம் மட்டும் உப்பி வட்டமானது. பார்க்கிறவர்களெல்லாம் பூரிப்பாக இருப்பதாகச் சொன்னார்கள். கவலையில்லாத பொம்பளை என்று நினைத்துக்கொள்ளட்டும், சும்மா வருகிற நல்ல பேரைக் கெடுப்பானேன் என்பாள் அம்மா.

ஒருநாள் வேகத்தடையில் வேன் ஏறி இறங்கியபோது முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியது. பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கி, வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கைப் போட்ட பிறகுதான், இறங்க முடியவில்லை, மகளைக் கூப்பிடுங்கள் என்று காவலாளியிடம் சொன்னாள். அப்புறம் இருமியதில் விலா எலும்பு. எலும்புக்கு மருந்து தொடங்கியபோது காலம் கடந்திருந்தது. கடைசியில் ஈரலும் கைவிட்டது.

அம்மா கண்ணைத் திறந்தாள். "எங்க வந்துட்டிருக்கானாம்?"

"பாலத்தைத் தாண்டிட்டானாம்மா."

"இந்த நேரத்துல பாலத்துல வண்டி நகராது. எங்கிட்டயேவா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா போனைக் கேட்டாள். மகள் தம்பியைக் கூப்பிட்டு அவள் காதோரம் பிடித்தாள். அம்மா சாப்பிட்டானா என்று விசாரித்தாள். டிரைவரை விரட்ட வேண்டாம் என்றாள். மூச்சு வாங்கியது.

"அம்மா கொஞ்சம் தூங்கப்போறேன். வந்தா எழுப்பாத, என்ன?"

அவன் என்னவோ சொன்னான். அம்மா சரி சரி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் போனை வைத்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கிட்டா அவன்கூடப் பேசலாம்மா."

"பேசியாச்சு. அவன் வந்து என் மூஞ்சியப் பார்க்கணும். வலியில கோணுற இந்த மூஞ்சிய இல்ல."

மகள் செவிலியைப் பார்த்துத் தலையசைத்தாள். ஊசி இறங்கியது. சற்று நேரத்தில் அம்மாவின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது, இறுகியிருந்த விரல்கள் பிரிந்தன. இனி அந்த முனகலைக் கேட்க வேண்டாம் என்ற ஆறுதல்தான் மகளுக்கு முதலில் வந்தது. அதை நினைத்து வெட்கப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது கட்டிலுக்கு அந்தப் பக்கம் தம்பி உட்கார்ந்திருந்தான். பெட்டி வாசலிலேயே நின்றது.

"ஏன்டா என்னை எழுப்பல?"

"யாரையும் எழுப்பத் தோணலக்கா."

அவன் அம்மாவின் கையைத் தொடாமல், அதன் பக்கத்தில் தன் கையை வைத்திருந்தான். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஜன்னலில் வெயில் இறங்குவதற்கு முன்பே ஒரு மூச்சோடு நின்றுபோனது. செவிலி நாடியைப் பார்த்தாள். போர்வையைச் சரிசெய்துவிட்டு, டாக்டருக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

தம்பி கேட்டான். "ரொம்ப வலிச்சுதாக்கா?"

"தூங்கிட்டுத்தான்டா இருந்தாங்க."

அவன் ஷூவைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு முடிச்சு உடனே அவிழ்ந்தது. மற்றது இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பிக்கொண்டேயிருந்தாள்.