கண்ணாடி அறைக்கு இந்தப் பக்கம்

எங்கள் மாதா கோவிலுக்கு யாராவது புதிதாக வந்தால் என் அத்தானுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அக்காவின் கணவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்துப் பழகிய கண், இப்போது கோவில் வாசலில் நின்று புது ஆளைக் கண்டுபிடிக்கிறது. எல்லோரும் அவரை "டிக்கெட்" என்றே கூப்பிடுவார்கள். வரவேற்புக் குழுவின் தலைவர் அவர்தான். குழுவில் இன்னும் நாலைந்து பேர் உண்டு, பெயருக்கு.

எனக்கு அந்த வேலை ஒத்துவராது. வாரம் முழுக்க மருந்துக்கடையில் நின்று சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கும். ஞாயிற்றுக்கிழமையாவது யார் முகத்தையும் பார்க்காமல் இருக்கலாம் என்றுதான் பாடகர் மாடியில் கீபோர்டு வாசிக்கப் போனேன். அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் உச்சந்தலைதான். பணக்காரன், ஏழை, பக்திமான், தூங்குமூஞ்சி எல்லாம் ஒன்று போலவே தெரிவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மாடியிலிருந்து நன்றாகத் தெரிகிற இன்னொன்று கண்ணாடி அறை. கோவிலின் பக்கவாட்டில், பீடத்தைப் பார்த்தபடி, முழுக்கத் தடித்த கண்ணாடி போட்ட சின்ன அறை. கைக்குழந்தையோ சேட்டைக்காரப் பிள்ளையோ வைத்திருப்பவர்கள் அதற்குள் உட்கார்ந்துகொள்ளலாம். பிள்ளை தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே யாருக்கும் கேட்காது. உள்ளே சுவரில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது, பூசை அதில் கேட்கும். அத்தான் குழு போன வருடம் அங்கே ஒரு பெரிய அலமாரியும் வாங்கி வைத்தது. அது நிறையப் பொம்மை, படப்புத்தகம், கட்டைகள். பிள்ளைகளோடு யார் வந்தாலும் அத்தான் குனிந்து, "கண்ணாடி அறைக்கு இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டி அழைத்துப் போவார். அதில் அவருக்குத் தனிப் பெருமை.

ஆனால் ஒரு குறை இருந்தது. பிள்ளைகளோடு வருகிற குடும்பங்கள் இரண்டு மூன்று ஞாயிறு வருவார்கள், பிறகு ஆளைக் காணோம். ஃபாதர் கூட்டம் போட்டுக் கேட்டார். அத்தான் யோசித்து, பூசை முடிந்து கூடத்தில் தேநீரோடு பிஸ்கட்டும் வைக்கலாம் என்றார். பிஸ்கட் வந்தது. குடும்பங்கள் வரவில்லை. அடுத்து வாசலில் பூ கொடுக்கலாம் என்றார். பூவும் வந்தது. "அடுத்து என்ன அத்தான், பல்லக்கா?" என்று கேட்டேன். "நீ மாடியிலயே இரும்மா, உன்னைப் பார்த்தா வர்றவங்களும் ஓடிடுவாங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சலவைக்கூடத்துப் பெண் வந்தாள். ஊருக்குப் புதிது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கணவர் பேக்கரியில் அடுப்பு வேலை பார்க்கிறார். ஞாயிறு காலையில்தான் அங்கே வேலை கழுத்தை நெரிக்கும் என்பதால் அவர் வரவில்லை. இதெல்லாம் வாசலிலேயே அத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை.

அந்தக் குழந்தைக்கு ஒரு பழக்கம். காதில் விழுகிற கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லும். கிசுகிசுவென்று இல்லை, கணீரென்று. முதல் ஞாயிறு அவர்கள் நடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர் பிரசங்கத்தில் குரலைத் தாழ்த்தி, "நாம் எல்லோருமே பாவிகள்" என்றார். "பாவிகள்" என்றது குழந்தை. கோவில் சிரித்தது. ஃபாதரும் சிரித்துவிட்டு, "கடவுள் பொறுமையானவர்" என்றார். "பொறுமையானவர்" என்று பதில் வந்தது. முன் பெஞ்சில் இரண்டு தலைகள் திரும்பிப் பார்த்தன. தாய் குழந்தையின் வாயைப் பொத்தினாள். அதற்குள் அத்தான் அவர்கள் பக்கத்தில் போய்க் குனிந்து கையைக் காட்டிவிட்டார்.

கண்ணாடி அறைக்குள் போனதும் குழந்தை வாயே திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தது. "பார்த்தியா, அந்த ரூம் பிள்ளைக்கு ஒத்துப்போச்சு" என்று அத்தான் என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அன்று பூசை முடிந்து கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஃபாதரிடம் வந்தாள்.

"ஃபாதர், எங்க அம்மா இறந்து இந்த வாரத்தோட ஒரு வருஷம் ஆகுது. நான் அடக்கத்துக்குப் போகலை. போக முடியலை. ஃபோன்லதான் எல்லாம் கேட்டேன். அடுத்த ஞாயிறு மன்றாட்டுல அம்மா பேரைச் சொல்லுவீங்களா?"

"கண்டிப்பா சொல்றேன்மா. பேரை எழுதிக் குடுங்க."

அவள் எழுதியே கொண்டுவந்திருந்தாள். மடித்த தாளைக் கொடுத்துவிட்டு, "நாலு பேர் நடுவுல அம்மா பேரைச் சொல்லி ஒரு தடவை கேட்டுட்டாப் போதும் ஃபாதர்" என்றாள். அழவில்லை. பிஸ்கட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு மடிப்புக் கலையாத உடையில் வந்தாள். குழந்தைக்குத் தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். வாசலில் அத்தானிடம், "இன்னைக்கு மட்டும் நாங்க வெளியில உட்காரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். "பிள்ளைக்கு உள்ள இருக்குறதுதாம்மா வசதி. பொம்மை இருக்கு, பூசையும் நல்லாக் கேட்கும்" என்று இவர் அன்போடு சொல்லியிருக்கிறார். புதிதாக வந்தவள், எதிர்த்துப் பேசவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மன்றாட்டு நேரம் வந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றாள். ஃபாதரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவை ஓர் அங்குலம் திறந்தாள். கதவருகே நின்ற அத்தான், குழந்தை வெளியே ஓடிவரப் பார்க்கிறது என்று நினைத்துவிட்டார். ஒரு சிரிப்புச் சிரித்து, "நீங்க நிம்மதியா இருங்கம்மா" என்று கதவை மெதுவாக மூடினார். ஃபாதர் தாளைப் பார்த்து அவள் அம்மாவின் பெயரை வாசித்தார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோவில். அவள் இன்னும் ஃபாதரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

கூடத்தில் நேராக ஃபாதரிடம் வந்தாள்.

"மறந்துட்டீங்களா ஃபாதர்?"

"எதைம்மா?"

"அம்மா பேரை."

ஃபாதருக்கு முகம் மாறியது. "வாசிச்சேனேம்மா. முதல் பேரே அவங்க பேர்தான். எல்லாரும் கேட்டாங்களே."

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "எனக்குக் கேட்கலை" என்றாள்.

"ஸ்பீக்கர்ல கேட்டிருக்குமே" என்றார் அத்தான்.

"அதுல எப்பவும் எதுவும் கேட்காது."

"எப்பவுமா? ஏம்மா சொல்லலை?"

"இங்க அப்படித்தான் வழக்கம்னு நெனச்சேன். பிள்ளைங்களோட வந்தா பார்த்துட்டு மட்டும் போகணும் போலன்னு."

அத்தான் நம்பவில்லை. விறுவிறுவென்று போய்க் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஃபாதர் பீடத்துக்குப் போய் மைக்கில், "கேட்குதா? கேட்டா கையைத் தூக்குங்க" என்றார். வெற்றுக் கோவில் முழுக்க அவர் குரல் எதிரொலித்தது. கண்ணாடிக்குப் பின்னால் அத்தான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரிக் காத்திருந்தார். ஃபாதர் இன்னொரு தடவை சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அத்தான் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"எப்ப ஃபாதர் பேசப் போறீங்க?"

குழந்தைக்கு இன்னும் ஃபாதரின் வார்த்தைதான் காதில் இருந்தது. "தூக்குங்க" என்றது குழந்தை.

ஃபாதர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். "இப்பவே வாங்க, பீடத்துல நின்னு நான் சொல்றேன்" என்றார். அவள் காலி பெஞ்சுகளைப் பார்த்தாள். "எல்லாரும் போயிட்டாங்களே ஃபாதர்" என்றாள். அடுத்த ஞாயிறு மறுபடி வாசிப்பதாக அவர் சொன்னார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் அத்தான் அந்த அலமாரியைத் தள்ளினார். ஒரு பக்கம் நான் பிடித்தேன். பின்னால் ஸ்பீக்கரின் ஒயர் பிய்ந்து தொங்கியது. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தபோது அதன் விளிம்பில் மாட்டி அறுந்திருக்கிறது. வருகிற பிள்ளைகளை வரவேற்க வாங்கிய அலமாரி. நான்கூட அன்று கேலி செய்யவில்லை.

"எத்தனை பேரை இதுக்குள்ள கொண்டுவந்து உட்கார வச்சேன்" என்றார். "இரட்டைப் பிள்ளைக்காரி, அந்த டாக்ஸி ஓட்டுறவர் குடும்பம், கர்ப்பமா வந்துச்சே ஒரு பொண்ணு. ஒருத்தர் விடாம நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். கடைசியில கதவையும் நான்தான் சாத்தினேன்."

"உங்களுக்குத் தெரியாதே அத்தான்."

"உள்ள ஒரு நாள் உட்கார்ந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த வாரமே ஒயரைச் சரிசெய்தாயிற்று. ஆனாலும் ஞாயிறு காலையில் அத்தான் வாசலில் நிலைகொள்ளாமல் நின்றார். பூத்தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டார். மாடியிலிருந்து எனக்கு அவர் வழுக்கை தெருப் பக்கமே திரும்பியிருப்பது தெரிந்தது. வருகைப் பாடல் முடிந்தது. முதல் வாசகம் முடிந்தது. அவள் வரவில்லை. இனி வரமாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

நற்செய்திக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது வந்தாள். கூடவே கணவர், அடுப்பிலிருந்து நேராக வந்திருப்பார் போல, சட்டைக் கையில் மாவு. அத்தானைப் பார்த்ததும் அவள் பழக்கத்தில் கண்ணாடி அறைக் கதவை நோக்கித் திரும்பினாள். அத்தான் ஓடிப்போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார். அவர் சொன்னதைப் பிறகு அக்காதான் எனக்குச் சொன்னாள்.

"இங்க வேண்டாம்மா. எங்களோட உட்காருங்க."

"பாப்பா பேசுவா."

"பேசட்டும்மா."

தன் பெஞ்சுக்குக் கூட்டிப்போய், அக்காவை நகரச் சொல்லி, மூன்று பேரையும் உட்கார வைத்துக் கடைசியில் தானும் ஒண்டிக்கொண்டார். பிரசங்கத்தை ஃபாதர் "அன்பு" என்று முடித்தார், "அன்பு" என்று பதில் வந்தது, முன் பெஞ்சுத் தலைகள் திரும்பின. அத்தான் அந்தத் தலைகளை ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கிற பார்வை. தலைகள் முன்னால் திரும்பிக்கொண்டன.

மன்றாட்டு. ஃபாதர் தாளை எடுத்தார். இந்தத் தடவை நிறுத்தி, நிதானமாக, அவள் அம்மாவின் பெயரை முழுவதுமாக வாசித்தார்.

கோவில் வாயைத் திறப்பதற்குள் குழந்தை அந்தப் பெயரைச் சொன்னது. கணீரென்று, ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல். மாடிவரை கேட்டது. எல்லோரும் "கேட்டருளும்" சொல்ல மறந்து நின்றார்கள். தாயின் கை குழந்தையின் வாய்ப் பக்கம் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. அவள் குனிந்து குழந்தையின் காதில் ஏதோ சொன்னாள். குழந்தை மறுபடியும் அந்தப் பெயரைச் சொன்னது.

ஃபாதர் அடுத்த பெயருக்குப் போகவில்லை. அத்தான்தான் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார். பிறகு கோவில் சொன்னது. காணிக்கைப் பாடலை நான் பிந்தித்தான் தொடங்கினேன். முதல் சுரமே தப்பு.

காதில் என்ன சொன்னாள் என்று பூசை முடிந்ததும் அக்காவிடம் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தானே.

"'இன்னொரு தடவை சொல்லு'ன்னா" என்றாள் அக்கா.