பிறந்த வீட்டுக் கோடி

சுப்புராயன் நீட்டிய வேட்டியை இருசம்மாள் வாங்கவில்லை. இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் நின்ற அம்சவள்ளியைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, இதத்தான் கொண்டாந்தீங்களா?"

அம்சவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். திருநாவலூரிலிருந்து களமருதூர் வரைக்கும் புருஷனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள். வழியெல்லாம் சாலைக்குக் குறுக்கே மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி, சைக்கிளைத் தூக்கிப் போட்டு, மறுபடி ஏறி வந்த அத்தனை நேரமும் மடியில் இருந்தது இந்த வேட்டிதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எண்பத்தேழாம் வருஷம் இடஒதுக்கீடு கேட்டு சாதிச் சங்கம் நடத்திய ஒரு வாரச் சாலை மறியலில் அன்று நான்காம் நாள். பஸ் இல்லை, கடை இல்லை. அன்று காலையில்தான் பூமாலை, சோறு வடித்துக்கொண்டிருந்தவள், கொஞ்சம் நெஞ்சை அடைக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது.

சுப்புராயனுக்கு அவள் தம்பியாகப் பிறந்தவள். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போய், பம்பாயில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, பெண்ணாகத் திரும்பி வந்து களமருதூரில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டாள். திருநங்கை என்ற சொல் அப்போது ஊர்வாய்க்கு வந்திருக்கவில்லை. ஊர் வேறு பேர்கள் வைத்திருந்தது. பூமாலை ஆணுக்கும் வைக்கிற பேர், பெண்ணுக்கும் வைக்கிற பேர் என்பதால் அதை மட்டும் அவள் மாற்றவில்லை. சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்கு வருகிற அவள் இனத்தாருக்கு அந்த நாளில் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. தன் வீட்டுப் பின்பக்கம் கீற்றுக்கொட்டகை போட்டு, கிணறு வெட்டி, முதல் வருஷம் முப்பது பேரைத் தங்க வைத்தாள். போன சித்திரையில் முந்நூறு பேர். சென்னையிலும் புனாவிலும் இருக்கிறவர்களுக்கு இந்த ஊரின் பேர் தெரியாது. 'பூமாலை வூடு' என்றால் தெரியும்.

இப்போது அந்த வாசலில் வேற்று ஊர் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மறியலில் சிக்கிய பஸ்ஸின் கண்டக்டர், இரண்டு லாரிகளின் டிரைவர்கள், பிரயாணிகள். மூன்று நாளாக அவர்களுக்குச் சோறு போட்டவள் பூமாலை. மரத்தை வெட்டிப்போட்டவர்களுக்கும் போட்டாள்.

"வேட்டி வேணாம்னா வேற இன்னா பண்ணச் சொல்ற? தம்பிக்கு வேட்டிதான போடணும்," என்றான் சுப்புராயன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

இருசம்மாள் குரலை உயர்த்தவில்லை. பம்பாயிலிருந்தே பூமாலைக்குத் துணையாக இருப்பவள் அவள்.

"தம்பியா நெனச்சினு வந்திருந்தா நீ திரும்பிப் போய்க்கலாம்ண்ணா. நாங்க பத்துப் பேர் இருக்கோம், அடக்கம் பண்ணிக்குவோம். தங்கச்சின்னு வந்திருந்தா பொறந்த வூட்டுக் கோடிச் சேல வேணும். கூடப்பொறந்தவன் கையால போத்தணும். அது வராம தூக்க மாட்டோம். உசுரோட இருக்கச்சே அவ எங்கிட்ட கேட்டது அதான். வேற ஒண்ணும் கேக்கல."

"சங்கத்துல இருக்கறவன் நான். நாலு பேர் முன்னால..."

"அந்த நாலு பேரோட குந்திக்கினுதான மூணு நாளா சாப்ட்ட? யார் கை கொழம்புன்னு உனுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் ரெண்டாந்தரம் ஊத்தச் சொன்ன. அவளும் கதவாண்ட நின்னு பாத்துக்கினுதான் இருந்தா. பொறந்த வூட்ல யாருக்கும் புளி ஜாஸ்தி ஆவாதுன்னு கம்மியா கரைக்கச் சொன்னா."

அம்சவள்ளி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். மறியலுக்குக் களமருதூர் போகிறேன் என்றுதான் மூன்று நாளும் காலையில் அவன் சொல்லிவிட்டுக் கிளம்பினான். தங்கையின் வீட்டுக்கு நூறடி தூரத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்ததை அவன் சொல்லவில்லை. அவன் இப்போது குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வேட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வாங்க. கடைக்குப் போலாம்."

"கடை ஏது? எல்லாம் சாத்திக் கெடக்குது."

"சாத்தச் சொன்னது நீங்கதான? நீங்கதான் தொறக்கச் சொல்லணும்."

அவன் நடந்தான்.

ஜவுளிக்கடைத் தனசேகரன் பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்து, வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் கதவைப் பாதியிலேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டான். மறியலின் முதல் நாள் காலையில் இதே சுப்புராயன் இருபது ஆட்களோடு வந்து நின்று, திறந்தால் துணி ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"வேவு பாக்க வந்தியாண்ணே? நான் ஒரு கர்சீப்புகூட விக்கல."

"கோடிச் சேலை ஒண்ணு வேணும்."

"யாருக்கு?"

சுப்புராயன் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அதற்குள் கடைப்பக்கம் ஆள் நடமாட்டத்தைப் பார்த்துத் தங்கதுரை நாலைந்து பேரோடு வந்துவிட்டான். மறியலுக்கு ஆள் சேர்க்கிறவன். சுப்புராயனை மாமா என்பவன், அவனைப்போலவே பேசப் பழகிக்கொண்டிருப்பவன்.

"இன்னா மாமா, நீயே கதவத் தொறக்க வெச்சா எப்பிடி? யாருக்கு கோடி?"

அம்சவள்ளிக்கு அந்தச் சில நொடிகள் பிற்பாடும் மறக்கவில்லை. தானே சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தான் சொன்னால் அது கோடி ஆகாது. வெறும் துணி. வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் தங்கச்சிக்குடா," என்றான் சுப்புராயன்.

"உனுக்குத் தங்கச்சி ஏது மாமா?"

"பூமாலை."

யாரோ ஒருவன் சிரிப்பதற்கு வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டான். தங்கதுரை தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினான்.

"சோத்துக்காரம்மாவா? நேத்திகூட எனுக்குக் காச்சல்னு கஞ்சி கொடுத்தனுப்பிச்சிது." சுருட்டிய துண்டை மறுபடி பிரித்தான். "மூணு நாளா கூடவே இருந்தியே மாமா. ஒரு வார்த்த சொல்லலியே."

தனசேகரன் கதவை முழுக்கத் திறந்தான்.

உள்ளே இருட்டாக இருந்தது. தனசேகரன் மெழுகுவர்த்தி ஏற்றி, விலை குறைவான வெள்ளைச் சேலைகளை எடுத்துப் போட்டான். அம்சவள்ளி அவற்றை ஒதுக்கிவிட்டு ஒரு அரக்குச் சேலையை எடுத்தாள்.

"அது வேணாம்," என்றான் சுப்புராயன். "கிளிப்பச்ச இருந்தா எடு. அகல ஜரிகையா. சின்னதுல அம்மாவோடது ஒண்ண சுத்திக்கினு கண்ணாடி முன்னால நின்னுக்கினே இருக்கும்."

அந்தச் சேலையைப் பற்றி மாமியார் சொல்லி அம்சவள்ளி கேட்டிருக்கிறாள். அதைச் சுற்றிக்கொண்டு நின்றதற்காகத் தம்பியை மாட்டுக்கொட்டகையில் கட்டிவைத்து, நீளமாக வளர்த்திருந்த முடியை வெட்டி எறிந்தது சுப்புராயன்தான். மறுநாள்தான் பூமாலை வீட்டைவிட்டுப் போனது. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சேலையைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை.

மேல் அடுக்கின் மூலையில் ஒரு கிளிப்பச்சை இருந்தது.

திரும்பி வந்தபோது மாலை வெயில் இறங்கியிருந்தது. பூமாலையைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நரை கலந்த கூந்தல் பெஞ்சைத் தாண்டி வழிந்து தரையைத் தொட்டது. அதைப் பார்த்ததும் சுப்புராயனின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

இருசம்மாள் மற்றவர்களை விலக்கி வழிவிட்டாள். அவன் மெதுவாகப் போய்ச் சேலையைப் பிரித்தான். வயல்வேலைக் கை. புதுச் சேலையின் மடிப்பு அந்த விரல்களுக்கு வசப்படவில்லை. தவறிப்போய்த் தலைமாட்டில் சேலையின் உள்முனையைப் பிடித்தான், மறுபடி மாற்றினான். உதவிக்குக் கை நீட்டிய ஒருத்தியை இருசம்மாள் கண்ணாலேயே தடுத்தாள்.

அவன் குனிந்தபடியே மனைவியைக் கேட்டான்.

"அம்சா, முந்தானி எந்தப் பக்கம் வரணும்?"

"எடது தோளு," என்றாள் அவள்.

அவன் முந்தானையை இடது தோளில் கொண்டுவந்து, ஜரிகை மேலே தெரியும்படி நீவிவிட்டான். ஒருமுறை நீவினான். மறுபடியும் நீவினான். அப்புறம்தான் இருசம்மாள் முதன்முதலாக வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

பாடையை முன்னால் தங்கதுரையின் ஆட்கள் தூக்கினார்கள். பின்னால் லாரி டிரைவர்கள். இடுகாட்டுக்குச் சாலையைக் கடந்துதான் போகவேண்டும். அங்கே குறுக்கே கிடந்த பெரிய புளியமரத்தின் ஒரு பக்கத்தை ஆட்கள் அரிவாளால் கழித்து வழி செய்திருந்தார்கள். அப்படியும் ஒரு கிளை தாழ்ந்து நின்றது. சுப்புராயன் முன்னால் ஓடி அதற்கடியில் குனிந்து, முதுகைக் கொடுத்து மேலே தள்ளிப் பிடித்தான்.

பச்சைச் சேலை அவன் தலையை ஒட்டிப் போயிற்று. பின்னால் இருசம்மாளும் அவள் கூட்டமும் போனார்கள். கண்டக்டர் போனார். பஸ்ஸில் வந்தவர்கள் போனார்கள்.

கடைசி ஆளும் கடந்துபோன பிறகு சாலை வெறிச்சென்று இருந்தது. சுப்புராயன் குனிந்தபடியே, கிளையை இறக்காமல், அங்கேயே நின்றான். அம்சவள்ளி சாலையோரமாக நின்றுகொண்டாள். அவனைக் கூப்பிடவில்லை.