அவரைப் பந்தலுக்கு அடியில்

அந்தச் சந்தில் ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு வரிசை வீடுகளின் பின்வாசல்களும் அதில்தான் திறந்தன. பத்து வருஷக் குப்பையும் அங்கேதான் கிடந்தது. சுவரில் எல்லா மதத்துச் சாமி படங்களையும் பதித்துப் பார்த்தார்கள். குப்பை கொட்டுகிறவர்கள் அசரவில்லை.

கடைசியில் போன தை மாதம் பதினான்கு வீட்டுக்காரர்களும் சேர்ந்து குப்பையை வாரி, செம்மண் கொட்டி, ஆளுக்கொரு துண்டு இடம் பிரித்துச் செடி வைத்தார்கள். ஐப்பசிக்குள் சந்தே பச்சையாகிவிட்டது. காலாப்பட்டிலிருந்து வரும் விருந்தாளிகள்கூடப் பின்வாசல் வழியாகத்தான் வருவோம் என்று அடம்பிடித்தார்கள்.

அதிலும் கலைமகளின் அவரைப் பந்தலுக்குத் தனி மவுசு. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி கேன்டீனில் இட்லி ஊற்றிவிட்டு வந்தால், மிச்ச நேரமெல்லாம் அவள் அந்தப் பந்தலடியில்தான் நிற்பாள். சந்தில் வெயில் நன்றாக விழும் இடம் அது ஒன்றுதான்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலை சாக்கடைத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு, அந்தப் பந்தலை ஒட்டிப் பள்ளத்தில் இருந்த ஷாஜாதி வீட்டு அடுப்படி வரை வந்துவிட்டது. மறுநாள் அவள் மகள் ஸமீஹாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

அடைப்பு எடுக்க வந்த ராஜவேல் சந்தை மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இங்க ஒரு மேன்ஹோல் இருக்குன்னு பழைய ப்ளான்ல போட்டிருக்கு. எந்த இடம்னுதான் தெரியல. மதியத்துக்கு மேல ஜேசிபி வெச்சு மொத்தமா தோண்டிட வேண்டியதுதான்."

எல்லார் முகமும் தொங்கிப்போனது. கலைமகளுக்கு மட்டும் எந்த இடமென்று தெரியும்.

தை மாதம் ஒரு விடியற்காலையில், தன் பங்கு இடத்தில் குப்பையை வாரும்போது இரும்பு மூடி தட்டுப்பட்டது. சொன்னால் அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்வார்கள். வெயில் கைவிட்டுப் போய்விடும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மூடிமேல் சாக்கை விரித்து, செம்மண்ணைக் கொட்டி, ஓரத்தில் அவரை விதையை ஊன்றிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். மழைக்கு அதெல்லாம் தெரியுமா?

ஷாஜாதி நைட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்படித் தண்ணீரை வாளியில் மொண்டு பின்வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எட்டாவது வாளிக்கு மேல் கலைமகளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தம்பி, ஜேசிபி வேணாம். என் பந்தலுக்குக் கீழதான் இருக்குது. நான்தான் மூடுனேன்."

"அடிப்பாவி! காலையிலேர்ந்து கல்லு மாதிரி நின்னியே!" என்றார் எதிர்வீட்டு ஜானகிராமன். இன்னும் என்னென்னவோ சொன்னார். எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு, பந்தல் கால்களை அவளே பிடுங்கினாள்.

ராஜவேல் கடப்பாரையால் நெம்பி மூடியைத் தூக்கினான். நீளக் கம்பியை விட்டுக் குத்தினான். நாலாவது குத்தில் கடகடவென்று சத்தம் கேட்டது. தண்ணீர் வடிந்து ஷாஜாதியின் அடுப்படித் தரை தெரிந்தது.

கலைமகள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஷாஜாதி வீட்டுக்குள் போனாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க."

"நீ சாக்கு விரிச்சப்பவே ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

"தெரிஞ்சுமா தண்ணி மொண்டீங்க? சொல்லியிருக்கலாமே!"

"நீயே சொல்லுவேன்னு தெரியும். அதான் மொண்டேன். இன்னும் ரெண்டு வாளி லேட்டாயிருந்தா நானே சொல்லியிருப்பேன், போடி."

கலைமகள் அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

வெளியே அவரைக் கொடி ஈர மண்ணில் சுருண்டு கிடந்தது. வேர் மட்டும் ஓரத்தில் பத்திரமாக இருந்தது. ஷாஜாதி கொடியை அலுங்காமல் தூக்கித் தன் ஜன்னல் கம்பியில் கட்டினாள்.

"இங்க ஏறட்டும். வெளிய காய்க்கறது உனக்கு, உள்ள காய்க்கறது எனக்கு."