முகமூடிக்குள் ஒரு சொல்

நவம்பர் 12, செவ்வாய். தவறு: வெள்ளிக்கிழமை இந்த நோட்டைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டேன். ஓர்ஷி பத்திரமாக வைத்திருந்து இன்று கொடுத்தாள்.

அதற்கு மேல் பொரோக்காவின் பேனா நகரவில்லை. எழுதினால் சந்தேகத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

அன்று மாலை வாள்வீச்சு வகுப்பில், டிராமில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்க்கும் கிங்காவிடம் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றிருந்தாள். தோல்வி புதிதல்ல. தோற்ற விதம்தான் உறுத்தியது. தலையைக் காக்க அவள் வாளை உயர்த்தும்வரை கிங்கா பொறுமையாக நின்றாள். கை உயர்ந்ததும் விலாவில் வெட்டினாள். ஐந்து முறையும் அதே வெட்டு. தவறுகளைக் குறித்து வைக்கும் அந்த நோட்டின் எட்டாம் பக்கத்தில் பொரோக்கா தன் கையாலேயே எழுதி வைத்திருந்தாள்: ‘பதற்றத்தில் எப்போதும் தலையைத்தான் முதலில் காக்கிறேன்.’

நாலு நாள் அந்த நோட்டு யார் கையில் இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை புடாபெஸ்ட் நகரப் போட்டி. மூவர் அணிக்குக் கிங்காவோடு இருவர் தேர்வாகிவிட்டார்கள், ஓர் இடம்தான் மிச்சம். வரும் வெள்ளிக்கிழமை பொரோக்காவும் ஓர்ஷியும் தனித்தனியே கிங்காவோடு மோத வேண்டும். அதிகப் புள்ளி எடுப்பவளுக்கு அந்த இடம். இரண்டு வருடமாக இருவரும் ஒரே டிராமில் வீடு திரும்புகிறவர்கள். ஆனால் செவ்வாயன்று உடை மாற்றும் அறைக்குள் பொரோக்கா நுழைந்ததும், சிரித்துக்கொண்டிருந்த ஓர்ஷியும் கிங்காவும் சட்டென்று நிறுத்தினார்களே? நிறுத்தினார்களா, அல்லது சிரிப்பே முடிந்திருந்ததா? அவளுக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லாததைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வழக்கம்.

வியாழனன்று நோட்டில் புதிதாக ஒரு பொய்யை எழுதினாள்: ‘இன்றும் தலையை மட்டும் காப்பேன்.’ அந்தப் பக்கத்தை விரித்து ஓர்ஷியின் பை அருகே வைத்தாள். உண்மையில் விலாவைக் காப்பதாகத் திட்டம். கிங்காவுக்குச் சேதி போயிருந்தால் விலாவுக்குத்தான் வெட்டு வரும். வாளும் அங்கே காத்திருக்கும்.

ஓர்ஷி போகாச்சா ரொட்டியைக் கடித்தபடி வந்தாள். “என்னடி, மறுபடியும் நோட்டை இங்க போட்டிருக்க? அடுத்த வாட்டி டிராம்ல விடு. கிங்கா டிக்கெட் செக் பண்ண வரும்போது அபராதம் போட்டுத் திருப்பித் தருவா.”

“நீ படிச்சியா?”

“எதை?”

“எட்டாம் பக்கத்தை. படிச்சுட்டு கிங்காகிட்ட சொன்னியா?”

ஓர்ஷி மெல்வதை நிறுத்தினாள். “உன் கையெழுத்தை உன்னாலயே படிக்க முடியாதுடி,” என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தாள்.

“தயாரா? தொடங்கு!” என்றார் லோரின்ட்ஸ் மாஸ்டர்.

கிங்கா பாய்ந்து வந்தாள். வந்தவள் அரையடி தூரத்தில் வாளை நிறுத்திக் காத்திருந்தாள். பொரோக்காவின் கை விலாவுக்கு இறங்கியது. வெட்டு தலையில் விழுந்தது. கிங்காவின் புள்ளி விளக்கு எரிந்தது.

பொரோக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டைப் படித்தவள் தலையில் வெட்டியிருக்கவே மாட்டாள். அடுத்த முறை தலையைக் காத்தாள், விலாவில் விழுந்தது. மூன்றாம் முறை மறுபடி விலாவைக் காத்தாள், தலையில் விழுந்தது.

கிங்கா முகமூடியைத் தூக்கினாள். “ஏய், முகமூடிக்குள்ள இருந்துக்கிட்டு யாரை அதட்டுற? ஒவ்வொரு வாட்டியும் ‘பொறு’ங்கற. சரி, பெரிய மனுஷி சொல்றாளேன்னு நானும் பொறுக்கறேன். உன் கை போனதும் காலியான இடத்துல போடறேன்!”

வகுப்பே சிரித்தது.

மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். போன மாதம் அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்: கை முந்துகிறது, வெட்டு எங்கே வருகிறது என்று தெரிந்த பிறகுதான் தடுக்க வேண்டும், அதுவரை ‘பொறு’ என்று சொல்லிக்கொள்.

“மனசுக்குள்ள சொல்லுன்னேன்மா,” என்றார். “ஊருக்கே கேக்கற மாதிரி இல்ல.”

பொரோக்கா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். ஓர்ஷி சிரிக்கவில்லை, குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். விரித்து வைத்த நோட்டு மூடிக் கிடந்தது. யாரோ அதற்கு ரப்பர் பேண்டும் போட்டிருந்தார்கள். ஓர்ஷியின் தலைமுடியில் எப்போதும் இருக்கும் பச்சை ரப்பர் பேண்டு.

வகுப்பு முடிந்ததும் ஓர்ஷி டிராமுக்குக் காத்திராமல் நடந்தே போய்விட்டாள்.

நவம்பர் 14, வியாழன். தவறு: என் வாய் சொன்னதற்கு ஓர்ஷியைப் பழித்தேன். நாளை: வகுப்பு ஆறு மணிக்கு. ஐந்தரைக்கே வாசலில் நின்று, அவள் வந்ததும் ரப்பர் பேண்டைக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு, கிங்காவோடு மோதுவதற்கு முன், பல்லைக் கடித்துக்கொண்டு, ஐம்பது தடுப்புப் பயிற்சி.