இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

கிதாரைக் கொண்டுவந்து என் ரிப்பேர் கடை மேசையில் வைத்தாள் தங்கை. வா என்று நான் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. அதையெல்லாம் எதிர்பார்த்து அவளும் வரவில்லை.

அப்பாவின் கிதார். அவர் போன பிறகு ஆறு மாதம் என்னிடம், ஆறு மாதம் அவளிடம். யார் கையில் கெடுகிறதோ அவர் உரிமையை விட்டுவிட வேண்டும் என்று அம்மா முன்னால் நிபந்தனை போட்டவன் நான். இது அவள் முறை. கம்பிகளைக் கீழே பிடித்திருக்கும் கட்டையில், பிரிட்ஜில், நீளமாக ஒரு விரிசல். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது.

"இந்த முறுக்கு முறுக்கினா கட்டை தாங்குமா? கிதார் கம்பியா, துணி காயப்போடற கொடியா?"

"நான் முறுக்கல. சும்மா சாத்தி வச்சிருந்தேன், படக்குன்னு விட்டுச்சு."

"இங்க வர்ற எல்லாரும் சொல்றதுதான். இனிமே இது என்கிட்டதான்."

"முதல்ல கழட்டு. என் கண்ணு முன்னால கழட்டு. உன்னை நம்பி விட்டுட்டுப் போக எனக்கென்ன பைத்தியமா?"

கட்டைக்குச் சூடு காட்டினேன். பசை இளகியதும் மெல்லிய கத்தியை அடியில் விட்டேன். இரண்டு ஓரமும் சுலபமாக விட்டுக்கொடுத்தன. நடுவில் கத்தி நின்றது. மறுபக்கமிருந்து விட்டேன். அதே இடத்தில் நின்றது. அதற்கு நேர் மேலே, அலங்காரத்துக்குப் பதித்ததுபோல இரண்டு வெள்ளைப் புள்ளிகள். விரிசல் ஒன்றில் கிளம்பி மற்றதில் முடிந்திருந்தது. கத்தியை வெளியே இழுத்துக்கொண்டேன்.

அவள் என் கத்தியைப் பிடுங்கி ஒரு புள்ளியை நெம்பினாள். உள்ளே துருப்பிடித்த ஸ்க்ரூ.

கடை வைத்த புதிதில் இந்தக் கட்டை லேசாகத் தூக்கிக்கொண்டது. பசை காயும்வரை பொறுமையில்லாமல் நான் முடுக்கி, புள்ளி பதித்து மறைத்து, மறந்தும் போனது. அதே வேலையைச் செய்துவிட்டு வருகிறவர்களை இருபது வருடமாக இந்த மேசை முன்னால் நிற்கவைத்து நார்நாராகக் கிழித்திருக்கிறேன்.

"யாரு போட்டது?"

"அப்பாவா இருக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் சிரித்துவிட்டாள்.

"சுவத்துல ஆணியடிக்கக்கூட உன்னைத்தான் கூப்பிடுவாரு. அவரா ஸ்க்ரூ போட்டாரு?"

நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தேன்.

"இருந்தவரைக்கும் உன் தப்பையெல்லாம் தன் தலையில போட்டுக்கிட்டாரு. செத்த பிறகும் அந்த மனுஷனை விடமாட்டியா?"

கதவுவரை போனவள் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை வரேன், ஒட்டி வை. இனிமே இது யார்கிட்டன்னு அம்மாகிட்ட நீயே சொல்லிடு."

போய்விட்டாள். ஸ்க்ரூவைக் கழற்ற உட்கார்ந்தேன். அது லேசில் வரவில்லை. நன்றாகத்தான் முடுக்கியிருந்தேன்.