பதினான்கு புள்ளடிகள்

கலாவுக்குத் தேர்தலில் எல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. அவளுக்கு வேண்டியது ஒரு பாதசாரிக் கடவை. சிட்னியின் டூங்கபியில் மகள் கிரிஜா படிக்கும் பள்ளிக்கூட வாசலில், தார் ரோட்டுக்குக் குறுக்கே நாலு வெள்ளைக் கோடு. மார்ச் மாதம் செங்கல் லொறி ஒன்று அந்த ஏழு வயதுப் பிள்ளையைத் தட்டிவிட்டது. கால் முறிந்து ஆறு கிழமை கட்டோடு கிடந்தாள். நகரசபைக்குக் கலா எழுதிய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில் வந்தது. அந்த ரோட்டில் போதிய வாகனங்கள் ஓடுவதில்லையாம். இன்னும் எத்தனை லொறி ஓட வேண்டுமாம் இந்த மகாராசாக்களுக்கு?

1976 ஓகஸ்டில், உறுப்பினர் ஒருவர் காலமாகி அந்த வட்டாரத்துக்கு இடைத்தேர்தல் வந்தது. மூன்று பேர் நின்றார்கள். டோரின் பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்துக்காரி. வென்றால் முதல் கூட்டத்திலேயே கடவையைக் கேட்பேன் என்று கலாவின் கையைப் பிடித்துச் சொன்னவள். எதிரே நின்ற ஹாலட் லொறி முதலாளி. கிரிஜாவைத் தட்டிய லொறியும் அவருடையதுதான். மூன்றாமவர் ஓர் இறைச்சிக்கடைக்காரர், அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

பிரித்தானியப் பிரஜை என்ற பழைய வழக்கத்தில் இலங்கையருக்கும் அங்கே வாக்கு இருந்தது. கலா படியேறி இறங்கித் தன்னையும் சேர்த்துப் பதினைந்து தமிழ் வாக்குகளைத் திரட்டினாள். எல்லோரையும் ஒரு ஞாயிறு பின்னேரம் தன் வீட்டு ஹோலில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தாள். அப்போதுதான் வரதராஜா எழும்பினார்.

அவர் யாழ்ப்பாணத்தின் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். ஆறு தேர்தல்களில் வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாக இருந்தவர். சிட்னிக்கு வந்து நாலு வருடமாகியும் அந்தக் கதிரையை விட்டு இறங்காதவர்.

“வடிவாக் கேளுங்கோ. வாசல்ல நிண்டு ஆரும் துண்டு தந்தா வாங்கக் கூடாது. சாவடிக்குக் கிட்டப் பிரசாரம் செய்யிறது குற்றம். உள்ளுக்குப் போய், டோரின்ர பேருக்கு நேர ஒரு புள்ளடி. கோடு பெட்டிக்கு வெளியில போகக் கூடாது. அவ்வளவுதான்.”

வெட்டிக் கொண்டுவந்த கடதாசித் துண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, பெருக்கல் அடையாளம் போட்டுப் பழக்கினார். ஒருத்தருக்குக் கோடு வளைந்தது என்று இரண்டாம் முறையும் போட வைத்தார்.

“அண்ணை, இஞ்ச ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எல்லாற்ற பேருக்கும் நம்பர் போட வேணும் எண்டு டோரின் சொன்னவ,” என்றாள் கலா.

“பிள்ளை, நீர் எத்தினை எலெக்சன் நடத்தினனீர்?”

ஹோல் முழுக்கச் சிரித்தது. கலாவும் சிரித்தாள். பெரிய மனிதரைச் சபையில் மறுத்துப் பேசுவதா என்று முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

வாக்களிப்பு நாளான சனிக்கிழமை, குளிரில் மூக்குச் சிவக்க, டோரின் சாவடி வாசலில் நின்று, எப்படி வாக்களிப்பது என்று அச்சடித்த அட்டைகளை நீட்டினாள். பதினான்கு தமிழர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, லஞ்சம் மறுப்பவர்கள்போல நிமிர்ந்து நடந்தார்கள். கலா மட்டும் அட்டையை வாங்கி, உள்ளே போய், அதில் இருந்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாள்.

திங்கட்கிழமை காலை நகரசபைக் கட்டடத்தில் மறுபடியும் எண்ணினார்கள். டோரினின் சார்பில் பார்வையிடக் கலா போயிருந்தாள். ஹாலட் பதினொரு வாக்கால் வென்றார். மேசை ஓரத்தில் செல்லாத வாக்குகள் கிடந்தன. அதிகாரி அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். புள்ளடி. இன்னொரு புள்ளடி. பதினான்கு. ஒன்றுகூட வளையவில்லை, ஒன்றுகூடப் பெட்டிக்கு வெளியே போகவில்லை. அவை செல்லுபடியாகியிருந்தால் டோரின் மூன்று வாக்கால் வென்றிருப்பாள்.

“ஒன்று, இரண்டு எண்ணக்கூடத் தெரியாத ஆட்கள்,” என்று ஹாலட்டின் ஆள் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான். கலா கணிதப் பட்டதாரி. காது மடல் வரை பற்றி எரிந்தது அவளுக்கு.

நேரே வரதராஜா வீட்டுக்குப் போனாள். அவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நடந்ததை நின்றபடியே சொன்னாள்.

“இவங்கட சட்டம் பிழை, பிள்ளை. புள்ளடி எண்டா உலகத்துக்கே விளங்கும்.”

“வாயை மூடுங்கோ அண்ணை!” தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. “என்ர பிள்ளையின்ர காலை முறிச்ச லொறிக்காரன் இண்டைக்குக் கவுன்சில்ல. அவனுக்கு எங்கட பதினாலு பேர் கதிரை தூக்கிக் குடுத்திருக்கினம்.”

வரதராஜா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“பதினாலோ? நாங்கள் பதினைஞ்சு பேரெல்லே. நீர் எப்பிடிப் போட்டனீர்?”

“நம்பர்.”

“அப்ப தெரிஞ்சுகொண்டுதான் எங்களை விட்டனீரோ?”

கலாவுக்கு ஞாயிறு பின்னேரம் குசினிக்குள் கொண்டுபோன முறுக்குத் தட்டு நினைவுக்கு வந்தது. இவரில் வந்த கோபத்தை விட அந்தத் தட்டில் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

“ஓம்,” என்றாள். “தெரியும். ரெண்டு பேரும் சேந்துதான் செய்திருக்கிறம். நாளைக்கு எட்டரைக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வாங்கோ.”

அவர் வந்தார். கழுத்துப் பட்டியும் மினுக்கிய சப்பாத்துமாக, கச்சேரிக்குப் போகிறவர்போல. கலா எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். மறுபேச்சில்லாமல் ரோட்டைக் கடந்து போய் நின்றார். பிள்ளைகள் கூடியதும் இருவரும் கையை உயர்த்திக்கொண்டு நடுரோட்டுக்கு இறங்கினார்கள். செங்கல் லொறி ஒன்று ஹோர்ன் அடித்து அடித்து, கடைசியில் நின்றது. கதவில் ஹாலட்டின் பெயர். சாரதி தலையை நீட்டித் தூஷணத்தில் ஏசினான். வரதராஜா கையை இறக்கவில்லை.

கிரிஜா இன்னும் லேசாக நொண்டி நொண்டித்தான் நடந்தாள். அவள் அந்தக் கரைக்குப் போய்ச் சேரும்வரை கலாவும் இறக்கவில்லை. அடுத்த தேர்தலுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.