பானெட்டில் ஈரப் போர்வை

என் தையல் அறையில் ஒரு கார் குடியிருந்தது. தெருவைப் பார்த்து ஷட்டர் போட்ட அறை அது. என் வீட்டுக்காரர் பழைய சொகுசுக் கார் ஒன்றைப் பறக்கும் என்று சொல்லி ஓட்டி வந்த அன்றைக்கே என் மெஷின்கள் படுக்கையறைக்குப் போயின. அளவு கொடுக்க வருகிறவர்கள் அவர் கழற்றிப்போட்ட பனியனை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார வேண்டியிருந்தது. பாதிப்பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

"தெருவுல நிறுத்தினா என்ன?"

"தெருவுல நிறுத்துற வண்டியா இது?"

பறந்ததென்னவோ சம்பளம்தான். பெட்ரோலுக்குச் சமமாக ஆயில் குடித்தது. டயர் விலை கேட்ட என் தம்பி உட்கார்ந்துவிட்டான். இன்ஜினை அணைத்தால் போதும், காற்றில் நிற்கிற சஸ்பென்ஷன் கசிந்து, இடது முன்பக்கம் மெல்லக் குந்திக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்தால், இன்ஜினுக்குள் இருக்கிற டைமிங் செயின், டப்பாவில் ஆணி குலுக்குகிற மாதிரி சத்தம் போடும். டாஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தாலும், "அது சும்மா எரியும்" என்பார் மனுஷன்.

ஒருவழியாக விற்கச் சம்மதித்தார். மெக்கானிக் வழி சொன்னார்: "ஆள் வர்றதுக்கு முன்னாடியே ஓட விடுங்க. சூடானா செயின் பேசாது. வண்டியும் எழுந்து நிக்கும்."

ஆனால் விவரமானவன் பானெட்டைத் தொட்டுச் சூடு பார்ப்பானே. அதற்கு என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தது ஈரப் போர்வை. இன்ஜின் ஓட ஓட நான்தான் நனைத்து நனைத்துப் போட்டேன். ஆவி பறந்தது. அறை திரும்பக் கிடைக்குமென்றால் காருக்குக் கஞ்சிகூட வைத்துக் கொடுத்திருப்பேன்.

மருந்துக்கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். பானெட்டைத் தொட்டார்.

"ஜில்லுனு இருக்கே."

"எடுத்தே நாலு நாள் ஆச்சு," என்றார் என்னவர், கூசாமல்.

ஸ்டார்ட் செய்தார்கள். செயின் மூச்சு விடவில்லை. மருந்துக்கடைக்காரர் சொக்கிப்போய் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுவரில் இருந்த கொக்கிகளைப் பார்த்தாள்.

"இங்க முன்னாடி என்னக்கா இருந்துச்சு?"

"என் தையல் மெஷின்."

"நான் வீட்டுல டியூஷன் எடுக்கறேன். இது வந்தா பெஞ்சையெல்லாம் மொட்டை மாடிக்கு ஏத்திடலாம்னு சொல்றார்."

வாயை மூடிக்கொண்டு இரு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கேட்டால்தானே?

"பெஞ்சை ஏத்தாதேம்மா. வண்டியை ஆஃப் பண்ணச் சொல்லு. உள்ள வந்து டீ குடிச்சிட்டு அப்புறம் பாருங்க."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கார் ஒரு பக்கமாகக் குந்தியிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணவரைக் கையோடு அழைத்துப் போய்விட்டாள்.

"குடியைக் கெடுத்துட்டியே," என்றார் இவர்.

முன்பின் தெரியாதவளுக்காகத் திறந்த வாய், எனக்காக ஏன் இத்தனை நாள் திறக்கவில்லை? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி. சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ரிவர்ஸில் தெருவுக்கு வந்தபோது ஷட்டர் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது. காரிலும்தான்.

"ஐயோ, பெயிண்ட்டு!"

"அதை அப்புறம் பாக்கலாம்," என்றேன். "முதல்ல வந்து மெஷினை ஒரு பக்கம் பிடிங்க."